சாண்டி டென்னியும் ஃபேர்போர்ட் கன்வென்ஷனும்: ஆங்கிலேய நாட்டுப்புறப் பாடலுக்குள் மின்கிட்டார் வந்த காலம்

தேய்ந்த ஊசி எழுதியது:

கல்லூரி விடுதியில் கைமாறிக் கைமாறி எங்கள் அறைக்கு வந்து சேர்ந்த லெட் செப்பலினின் நான்காவது ஆல்பக் கேசட்டில், ராபர்ட் பிளான்ட்டுக்குப் பதில் சொல்வதுபோல ஒரு பெண் குரல் ஒரேயொரு பாட்டில் மட்டும் வரும். அட்டைத்தாளில் பாடல்களின் பெயர்கள்தாம் பேனாவால் எழுதப்பட்டிருந்தன என்பதால் அந்தப் பெண் யார் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. அவர் பெயர் சாண்டி டென்னி என்பதையும், அந்தக் குழுவின் ஆல்பங்களில் விருந்தினராகப் பாடிய ஒரே பாடகர் அவர்தான் என்பதையும் வெகுநாள் கழித்தே அறிந்தேன். அந்தக் குரலைத் தேடிப் போனபோது எனக்குக் கிடைத்தது ஃபேர்போர்ட் கன்வென்ஷன் என்னும் குழு. அதிலிருந்து நான் இன்றுவரை வெளியே வரவில்லை.

நம் இணையக் கூடங்களில் பீட்டில்ஸுக்கும் பிங்க் ஃபிளாய்டுக்கும் இழைகள் நிறைய உண்டு. அதே லண்டனில், அதே ஆண்டுகளில், நூற்றாண்டுகள் பழைய கொலைக் கதைப்பாட்டையும் தேவதைக் கதைப்பாட்டையும் மின்கிட்டாரோடு பாடிய இந்த இளைஞர்களைப் பற்றி ஒன்றுகூட இல்லை என்பதால் இதைத் தொடங்குகிறேன்.

சுருக்கமாகச் சொன்னால், வட லண்டனின் மஸ்வெல் ஹில் பகுதியில் சைமன் நிகோலின் குடும்பம் வாழ்ந்த வீட்டுக்கு ஃபேர்போர்ட் என்று பெயர். அங்கே ஒத்திகை பார்த்த ஆஷ்லி ஹட்சிங்ஸ், ரிச்சர்ட் தாம்ப்சன், நிகோல் ஆகியோர் 1967இல் குழுவாகத் திரண்டபோது வீட்டின் பெயரே குழுவின் பெயராகிவிட்டது. தொடக்கத்தில் அவர்கள் பாடியவை பெரும்பாலும் அமெரிக்கப் பாடல்கள். பாப் டிலனும் ஜோனி மிட்செலும் எழுதியவை. முதல் பாடகி ஜூடி டைபிள் விலகிய பின், 1968 மே மாதத்தில் சாண்டி டென்னி வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டில், 1969 என்ற ஒரே ஆண்டுக்குள், மூன்று ஆல்பங்கள் வெளிவந்தன: ஜனவரியில் ‘வாட் வீ டிட் ஆன் அவர் ஹாலிடேஸ்’, ஜூலையில் ‘அன்ஹாஃப்பிரிக்கிங்’, டிசம்பரில் ‘லீஜ் அண்ட் லீஃப்’.

மூன்றாவதே சிகரம் என்பது பொதுவான கருத்து. 2006இல் பிபிசி ரேடியோ 2 நடத்திய நாட்டுப்புற இசை விருது விழாவிலும் எக்காலத்துக்கும் மிகுந்த தாக்கம் செலுத்திய நாட்டுப்புற ஆல்பமாக நேயர்கள் அதையே தேர்ந்தெடுத்தார்கள். என் மனம் இரண்டாவதில்தான் நிற்கிறது. மூன்றாவது ஆல்பத்தில் தாங்கள் என்ன செய்கிறோம் என்பது அவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. இரண்டாவதில் தெரியாமலே செய்கிறார்கள். அந்தத் தேடல்தான் எனக்குப் பிடித்தது. உங்கள் நினைவுகளைச் சொல்லுங்கள்.

---

விம்பிள்டன் வாசி எழுதியது:

அண்ணா, இந்த இழைக்கு நன்றி. யாழ்ப்பாணத்திலிருந்து லண்டன் வந்து சேர்ந்த நாளிலிருந்து தென்மேற்கு லண்டனிலேயே இருக்கிறேன் என்பதால், நீங்கள் விரும்பும் அந்த இரண்டாவது ஆல்பத்தின் அட்டை எனக்கு இசைத்தட்டு என்பதை விட அயல் தெருவின் புகைப்படமாகவே தோன்றும். அட்டையில் குழுவின் பெயரும் இல்லை, ஆல்பத்தின் பெயரும் இல்லை. வயதான தம்பதியர் இருவர் தோட்ட வேலிக்கு முன்னால் நிற்கிறார்கள். வேலியின் இடுக்குகள் வழியே பார்த்தால்தான் உள்ளே புல்தரையில் உட்கார்ந்திருக்கும் இளைஞர்கள் தெரிவார்கள். அந்தத் தம்பதியர் சாண்டியின் பெற்றோர். வீடு விம்பிள்டனில் அவர்கள் வாழ்ந்த வீடு. பின்னணியில் தெரியும் தேவாலயக் கோபுரத்தை இன்றும் அதே கோணத்தில் பார்க்கலாம்.

அமெரிக்கப் பதிப்பில் இந்தப் படத்தை எடுத்துவிட்டு யானைகளின் படத்தைப் போட்டார்கள். ஏன் என்று கேட்காதீர்கள்; அட்டையில் யானை இருந்தால் தட்டு அதிகம் விற்கும் என்று யாரோ ஒருவர் உண்மையாகவே நம்பியிருக்க வேண்டும்.

சாண்டியின் கல்லறை பட்னி வேல் மயானத்தில் இருக்கிறது. 1947 ஜனவரி 6இல் பிறந்தவர், 1978 ஏப்ரல் 21இல் இறந்தபோது வயது முப்பத்தொன்று. கல்லில் முதல் வரியாக அவர் எழுதிய ஒரு பாட்டின் பெயரும், அடுத்து அவருடைய முழுப் பெயரும், அதன் கீழ் அடைப்புக்குறிக்குள் நாம் அறிந்த பெயரும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. பாட வருவதற்கு முன் மருத்துவமனையில் தாதியாகப் பணி பழகியவர், பிறகு கிங்ஸ்டன் கலைப் பள்ளியில் சேர்ந்தவர், அங்கிருந்து நாட்டுப்புற மன்றங்களின் மேடைக்குப் போனவர். காலம் எங்கே போகிறது என்று யாருக்குத் தெரியும் எனக் கேட்கும் அந்தப் புகழ்பெற்ற பாட்டை இருபது வயதை ஒட்டிய பருவத்திலேயே எழுதிவிட்டார் என்பதை என்னால் இன்னமும் நம்ப முடிவதில்லை. ஃபேர்போர்ட் அதைப் பதிவு செய்வதற்கு முன்பே, 1968இல், அமெரிக்காவின் ஜூடி காலின்ஸ் அதைப் பாடித் தம் ஆல்பத்துக்கும் அதையே பெயராக வைத்திருந்தார்.

---

ஆறு தந்தி எழுதியது:

இரண்டாவது ஆல்பத்துக்கே என் வாக்கும். காரணம் ஒரே ஒரு பாட்டு: ‘எ செய்லர்ஸ் லைஃப்’, பதினொரு நிமிடம்.

கடலோடிப் போன காதலனைத் தேடி ஒரு பெண் படகேறிப் புறப்படுகிறாள். அவன் மூழ்கிப் போனான் என்ற செய்தி கேட்டதும் தன் படகையும் பாறையில் மோதவிடுகிறாள். இவ்வளவுதான் கதை. ஃபேர்போர்ட்டுக்கு வருவதற்கு முன் நாட்டுப்புற மன்றங்களில் சாண்டி தனியே பாடிவந்த பாட்டு இது. குழுவினர் அதற்குக் கார்டு (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டு) மாற்றங்கள் எதையும் ஏற்றாமல், ஒரே ஆதார சுருதியில் நிற்கவிட்டு, அதன்மேல் மெல்ல மெல்லச் சேர்ந்துகொள்கிறார்கள். முதல் பாதியில் டிரம்ஸ் என்று சொல்லத்தக்க தாளமே கிடையாது. பத்தொன்பது வயது மார்ட்டின் லாம்பிள் சிம்பல்களைத் தடவி அலையோசை போன்ற ஒன்றை எழுப்பிக்கொண்டே இருக்கிறார். கதை முடிந்து சாண்டி பாடுவதை நிறுத்திய பிறகுதான் தாளம் எழுந்து, தாம்ப்சனின் கிட்டாரும் டேவ் ஸ்வார்ப்ரிக்கின் வயலினும் ஒன்றையொன்று துரத்தத் தொடங்குகின்றன. அன்று ஸ்வார்ப்ரிக் குழுவில் உறுப்பினர்கூட இல்லை. கூலிக்கு வாசிக்க வந்தவர். திருத்தம் ஏதுமின்றி, ஒரே மூச்சில் பதிவான வாசிப்பு அது. கர்நாடக இசையைக் கேட்டு வளர்ந்த காதுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. சுருதியை விட்டு நகராமல் ஒரு மெட்டை விரித்துக்கொண்டே போகும் பொறுமை நமக்குப் பழகியதுதானே.

அதே ஆல்பத்தில் வேடிக்கைக்கும் குறைவில்லை. டிலனின் பாட்டு ஒன்றைப் பிரெஞ்சு மொழிக்கு மாற்றிப் பாடியிருக்கிறார்கள். அதில் லாம்பிள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய நாற்காலிகளின் முதுகில் தட்டித் தாளம் போடுகிறார். முடிவுக்குச் சற்று முன் அந்த அடுக்கு சரிந்து விழும் சத்தத்தையும் அப்படியே விட்டுவிட்டார்கள். பிரிட்டனின் தனிப்பாடல் தரவரிசையில் 21ஆம் இடம் வரை போன பாட்டு அது.

---

புதுச்செவி எழுதியது:

பெரியவர்களுக்கு வணக்கம். சென்ற மாதம்தான் இந்தக் குழுவைக் கேட்கத் தொடங்கினேன். எனக்கு ஒன்று விளங்கவில்லை. டிலன் பாடல்களைப் பாடிப் புகழும் பெற்று, தொலைக்காட்சியிலும் தோன்றத் தொடங்கிய ஒரு குழு, அதே ஆண்டின் இறுதியில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பழைய இங்கிலாந்துப் பாடல்களுக்குத் திரும்ப வேண்டிய தேவை என்ன? வணிகக் கணக்கா, அல்லது வேறு காரணம் உண்டா?

---

தேய்ந்த ஊசி எழுதியது:

தம்பி, வணிகக் கணக்கு இல்லை. அந்த ஆண்டில் நடந்ததை வரிசைப்படுத்திப் பார்த்தால் விளங்கும்.

1969 மே 12 அதிகாலை. பர்மிங்காமில் மதர்ஸ் என்ற மன்றத்தில் நிகழ்ச்சி முடித்துவிட்டு லண்டனுக்குத் திரும்பிக்கொண்டிருந்த அவர்களுடைய வேன், எம்1 நெடுஞ்சாலையில் கவிழ்ந்தது. சற்று முன்பு ஆறு தந்தி குறிப்பிட்ட மார்ட்டின் லாம்பிள் அதில் இறந்தார். தாம்ப்சனின் காதலி ஜீனி ஃபிராங்க்லினும் இறந்தார். மற்றவர்களுக்குக் காயங்கள். வேறு வண்டியில் பயணம் செய்ததால் சாண்டி தப்பினார். ‘அன்ஹாஃப்பிரிக்கிங்’ அதற்குள் பதிவாகி முடிந்திருந்தது. ஜூலையில் அது வெளிவந்து நாற்காலி சரியும் பாட்டு தரவரிசையில் ஏறியபோது, அதில் தாளம் போட்டவர் உயிரோடு இல்லை.

குழுவைக் கலைத்துவிடலாமா என்று பேசினார்கள். தொடர்வது என்றும், தொடர்ந்தால் லாம்பிளோடு வாசித்த பழைய பாடல்களை மேடையில் மீண்டும் வாசிப்பதில்லை என்றும் முடிவெடுத்தார்கள். அப்படியானால் எதைப் பாடுவது? ஏற்கெனவே ‘எ செய்லர்ஸ் லைஃப்’ ஒரு வழியைக் காட்டியிருந்தது. முந்திய ஆண்டில் வெளிவந்த ‘தி பேண்ட்’ குழுவின் முதல் ஆல்பமும் அவர்களைக் கலக்கியிருந்தது. அமெரிக்க மண்ணின் பழைய இசை முழுவதையும் தமக்குள் வாங்கிக்கொண்ட அந்தக் குழுவைக் கேட்ட பிறகு, லண்டன் பிள்ளைகள் அமெரிக்கப் பாணியில் பாடுவதில் பொருள் இல்லை என்று தோன்றிவிட்டது. தயாரிப்பாளர் ஜோ பாய்ட் ஓர் அமெரிக்கர் என்பது இதில் உள்ள வேடிக்கை.

ஹாம்ப்ஷயரில் ஃபார்லி சேம்பர்லேன் என்ற ஊரில் பெரிய வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்து அந்தக் கோடைகாலத்தை அங்கேயே கழித்தார்கள். நடன அரங்குகளில் வாசித்துப் பழகிய டேவ் மேட்டக்ஸ் டிரம்ஸுக்கு வந்தார். ஸ்வார்ப்ரிக் முழுநேர உறுப்பினரானார். ஆஷ்லி ஹட்சிங்ஸ் லண்டனில் உள்ள செசில் ஷார்ப் இல்லத்து நூலகத்துக்குப் போய்ப் பழைய பாடல் தொகுதிகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஹார்வர்டு பேராசிரியர் ஃபிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்ட் பத்தொன்பதாம் நூற்றாண்டில் திரட்டிய 305 கதைப்பாடல்களில் 39ஆம் எண்ணுள்ள ‘டாம் லின்’, 81ஆம் எண்ணுள்ள ‘மேட்டி குரோவ்ஸ்’ இரண்டும் இப்படித்தான் மின்கிட்டாருக்கு வந்தன. முன்னதில் தேவதைகளின் அரசியால் கவரப்பட்டவனை அவனுடைய காதலி பிடியை விடாமல் கட்டிக்கொண்டு மீட்கிறாள். பின்னதில் பிரபுவின் மனைவியோடு படுத்திருந்த இளைஞனைப் பிரபு எழுப்பி, நிராயுதபாணியைக் கொன்ற பழி வராதிருக்க அவன் கையில் வாளும் கொடுத்து, பிறகு வெட்டுகிறான். முத்துப்பட்டன் கதையையும் நல்லதங்காளையும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த உலகம் புரியாமல் போகாது. நம் கதைப்பாடல்களை நா. வானமாமலை திரட்டிப் பதிப்பித்த காலமும் ஏறக்குறைய இதுவேதான்.

துக்கம் ஒன்று அவர்களை மண்ணின் பாட்டுக்குத் திருப்பியது என்று நான் எளிதாகச் சொல்லிவிட மாட்டேன். திரும்புவதற்கான காரணங்கள் முன்பே இருந்தன. பழைய வழியில் திரும்பிப் போக முடியாதபடி விபத்து கதவை அடைத்துவிட்டது.

---

வெறுங்குரல் எழுதியது:

கொண்டாட்டத்துக்கு இடையூறு செய்ய வந்திருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஃபேர்போர்ட்டின் ‘மேட்டி குரோவ்ஸ்’ அருமையான ராக் பாட்டு. கதைப்பாடலாக அது பாதிதான் வெற்றி என்பது என் எண்ணம். பக்கவாத்தியம் இல்லாமல் ஒருவர் நின்று பாடும்போது, கொலை நடக்கும் வரியும் விருந்து நடக்கும் வரியும் ஒரே குரலில், ஒரே நிதானத்தில் வரும். உணர்ச்சியைப் பாடுபவர் காட்டுவதில்லை. கேட்பவரே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். டிரம்ஸ் வந்தவுடன், எந்த இடத்தில் நெஞ்சு படபடக்க வேண்டும் என்பதை டிரம்ஸே சொல்லிவிடுகிறது.

ஆன் பிரிக்ஸ் பாடியதைக் கேட்டுப் பாருங்கள். நாட்டிங்ஹாம்ஷயரிலிருந்து வந்தவர், பெரும்பாலும் துணைக் கருவி இல்லாமலே பாடினார், 1970களின் தொடக்கத்திலேயே பதிவுக் கூடத்துக்குப் போவதை நிறுத்திவிட்டார். கையளவுப் பதிவுகள்தாம் இருக்கின்றன. ஆனால் சாண்டி டென்னி, ஜூன் டேபர் எனப் பின்வந்த பாடகியர் அனைவரும் அவரைக் காதில் வைத்துக்கொண்டே பாடினார்கள்.

---

விம்பிள்டன் வாசி எழுதியது:

ஐயா, ஆன் பிரிக்ஸைப் பற்றி நீங்கள் சொன்ன எல்லாவற்றையும் ஏற்கிறேன், டிரம்ஸைப் பற்றியதைத் தவிர. மேட்டக்ஸ் அந்தப் பாட்டில் வாசிப்பதைத் தனியே கவனியுங்கள்: கொலைக்கு முன்னும் பின்னும் அவர் அடி மாறுவதே இல்லை. நடன அரங்கில் இரவெல்லாம் ஒரே நிதானத்தில் வாசித்துப் பழகிய கை அது. நீங்கள் கேட்கும் அந்த நிதானத்தை அவர் குச்சியிலேயே வைத்திருக்கிறார். சாண்டியும் பிரபுவின் குரலுக்கு ஒரு பாவம், மனைவியின் குரலுக்கு ஒரு பாவம் என்று நடிக்கவில்லை. கதை முடிந்த பிறகுதான் கருவிகள் அவிழ்த்து விடப்படுகின்றன.

---

ஆறு தந்தி எழுதியது:

ஆன் பிரிக்ஸின் பெயர் வந்ததால் கிட்டார் கலைஞர் பெர்ட் ஜான்ஷைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ‘பிளாக்வாட்டர் சைட்’ என்ற பழைய பாட்டை ஜான்ஷுக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். ஜான்ஷ் அதற்கு அமைத்த கிட்டார் வாசிப்பு 1966இல் ‘ஜாக் ஒரியன்’ ஆல்பத்தில் வந்தது. 1969இல் லெட் செப்பலினின் முதல் ஆல்பத்தில் ஏறக்குறைய அதே வாசிப்பு வேறொரு பெயரில், ஜிம்மி பேஜின் ஆக்கமாக, விராம் ஜசானியின் தபலாவோடு வெளிவந்தது. வழக்கு எதுவும் நடக்கவில்லை. பெரிய குழுவுக்கு எதிராக நீதிமன்றம் போகும் பணம் யாரிடம் இருந்தது?

ஜான்ஷின் முதல் ஆல்பம் 1965இல் வந்தது. பதிவுக் கூடம் கிடையாது. பில் லீடர் என்ற ஒலிப்பதிவாளரின் லண்டன் வீட்டில், ஒரு டேப் ரெக்கார்டரில், இரவல் கிட்டாரில் வாசித்தது. அதற்காக அவருக்குக் கிடைத்த மொத்தப் பணம் நூறு பவுண்டு. அக்காலத்தில் இவர்கள் எல்லோரும் கூடிய இடம் சோஹோவில் கிரீக் தெருவின் 49ஆம் எண் கட்டடத்து நிலவறையில் இருந்த ‘லே கசின்ஸ்’ மன்றம். மது விற்க உரிமம் இல்லாத சிறிய கூடம். விடிய விடிய வாசிப்பார்கள்.

கிட்டார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். இந்த உலகத்துக்குள் நுழைய எளிய வழி கிட்டார் கலைஞர் டேவி கிரகாம் மொராக்கோவிலிருந்து கொண்டுவந்த சுருதி அமைப்பு. ஊத் என்னும் அரபு நரம்புக் கருவிக்காரர்களோடு சேர்ந்து வாசிக்க ஏதுவாக அவர் கண்டுபிடித்தது. வழக்கமான சுருதியிலிருந்து ஆறாவது, இரண்டாவது, முதல் தந்திகளை மட்டும் ஒரு முழு ஸ்வரம் கீழே இறக்குங்கள். இப்போது தந்திகள் டி, ஏ, டி, ஜி, ஏ, டி என்று நிற்கும். டி என்பதை ஷட்ஜமமாக வைத்தால் திறந்த தந்திகளில் இருப்பவை சட்ஜம, மத்திம, பஞ்சமங்கள் மட்டுமே, காந்தாரம் இல்லை. ஆகவே மேஜரும் இல்லை, மைனரும் இல்லை. கட்டைவிரல் கீழ்த் தந்திகளைத் தம்புராவைப்போல மீட்டிக்கொண்டிருக்க, மற்ற விரல்கள் மெட்டை வாசிக்கும். காந்தாரத்தை எப்போது, எதைத் தொடுவது என்பது முழுக்க உங்கள் விருப்பம். பழைய ஆங்கில, ஐரிஷ் மெட்டுகள் இந்த அமைப்பில் இயல்பாக உட்கார்வதற்குக் காரணம் இதுவே.

---

கண்ட நடை எழுதியது:

நான் மிருதங்கம் வாசிப்பவன். ராக் இசையில் பெரிய பழக்கம் கிடையாது. நண்பர் ஒருவர் வற்புறுத்தியதால் பென்டாங்கிள் குழுவைக் கேட்டேன். ஆறு தந்தி சொன்ன ஜான்ஷ், ஜான் ரென்போர்ன் இரு கிட்டார்களும், ஜாக்கி மெக்ஷீயின் குரலும், டேனி தாம்ப்சனின் டபுள் பேஸும், டெரி காக்ஸின் டிரம்ஸும் சேர்ந்த குழு.

1969இல் வந்த ‘பாஸ்கெட் ஆஃப் லைட்’ ஆல்பத்தின் முதல் பாட்டு ‘லைட் ஃபிளைட்’. பிபிசியின் முதல் வண்ணத் தொடர் நாடகத்துக்கு முகப்பிசையாக ஒலித்தது. எண்ணிப் பார்த்தேன். ஐந்தும் ஏழும் மாறி மாறி வருகின்றன. நடுப்பகுதி ஆறுக்குப் போகிறது. மீண்டும் ஐந்தும் ஏழும். நம் கச்சேரியில் இதைச் செய்தால் வாசிப்பவர் முகத்தில் அது தெரியும், சபையும் தலையாட்டும். இவர்கள் கணக்கு இருப்பதையே காட்டிக்கொள்ளவில்லை. மெக்ஷீயின் குரல் அதன்மேல் சறுக்கிக்கொண்டு போகிறது. அக்கணக்கை வீட்டில் உள்ளவர்கள் முணுமுணுக்கும் தொலைக்காட்சிப் பாட்டாக ஆக்கியதே எனக்கு வியப்பு.

நிக் டிரேக் என்பவரின் ‘ரிவர் மேன்’ பாட்டும் ஐந்தில் நடக்கிறது. அதைப் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லவும்.

---

விம்பிள்டன் வாசி எழுதியது:

நிக் டிரேக்கைப் பற்றிக் கேட்டால் நான் சற்று நீளமாகவே எழுதுவேன்.

1948 ஜூன் 19இல் ரங்கூனில் பிறந்தவர். தந்தை பாம்பே பர்மா வர்த்தக நிறுவனத்தில் பொறியாளர். 1942இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்தபோது தாய் மாலி இந்தியாவுக்குத் தப்பி வந்து தில்லியில் தங்கினார். அப்போது தம் சகோதரியோடு சேர்ந்து அகில இந்திய வானொலியில் பாடியிருக்கிறார். அவர் வீட்டுப் பியானோவில் இயற்றிப் பாடிய பாடல்கள் 2013இல் தனி ஆல்பமாக வெளிவந்தன. கேட்டால் மகனுடைய மெட்டுகள் எங்கிருந்து வந்தன என்பதில் ஐயமே இருக்காது.

மூன்றே ஆல்பங்கள். முதலாவது 1969இல் வந்த ‘ஃபைவ் லீவ்ஸ் லெஃப்ட்’. சிகரெட் சுற்றும் தாள்கட்டில் இன்னும் ஐந்து தாள்கள்தாம் உண்டு என்று எச்சரிக்கும் வாசகத்திலிருந்து வந்த பெயர். தயாரித்தவர் இங்கும் ஜோ பாய்ட்தான். ரிச்சர்ட் தாம்ப்சன் ஒரு பாட்டுக்குக் கிட்டார் வாசித்திருக்கிறார். பென்டாங்கிளின் டேனி தாம்ப்சன் பேஸ் வாசித்திருக்கிறார். கேம்பிரிட்ஜில் உடன் படித்த ராபர்ட் கிர்பி நான்கு பாடல்களுக்கு வயலின் குழுவுக்கான அமைப்பை எழுதினார். ‘ரிவர் மேன்’ மட்டும் தம்மால் ஆகாது என்று அவர் ஒதுங்கிக்கொள்ள, திரைப்பட இசையில் பழகிய ஹாரி ராபின்சன் அதை எழுதினார். கிட்டார் ஐந்தில் சுழன்றுகொண்டே இருக்க, வயலின்கள் அந்தத் தாளத்தைக் கண்டுகொள்ளாமல் மேலே மிதந்து வருவதைக் கவனியுங்கள்.

1969 செப்டம்பர் 24 அன்று லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் ஃபேர்போர்ட் தன் புதிய பாடல்களோடு மேடையேறியது. விபத்துக்குப் பிறகு லண்டனில் அவர்கள் நடத்திய பெரிய நிகழ்ச்சி. அதே மேடையில் அவர்களுக்கு முன் பாடியவர்களில் ஒருவர் நிக் டிரேக். அன்றைய கூட்டம் அவரை அமைதியாகக் கேட்டது. மன்றங்களிலும் கல்லூரிகளிலும் அப்படி நடக்கவில்லை. ஒவ்வொரு பாட்டுக்கும் ஒவ்வொரு சுருதி என்பதால் நடுவே தந்திகளை முறுக்கிக்கொண்டே நிற்பார்; பேச்சு எதுவும் வராது; கூட்டம் தன்பாட்டுக்குப் பேசத் தொடங்கிவிடும். சீக்கிரமே மேடையை விட்டுவிட்டார்.

மூன்றாவது ஆல்பமான ‘பிங்க் மூன்’ செல்சியில் பழைய பால்பண்ணைக் கட்டடத்தில் இருந்த சவுண்ட் டெக்னிக்ஸ் கூடத்தில், ஒலிப்பதிவாளர் ஜான் வுட் மட்டும் உடனிருக்க, 1971 அக்டோபரில் இரண்டு இரவுகளில் பதிவானது. மொத்தம் இருபத்தெட்டு நிமிடம். குரல், கிட்டார், முதல் பாட்டில் மட்டும் சில நொடிகள் பியானோ. அவர் 1974 நவம்பர் 25இல் இருபத்தாறு வயதில் இறந்தபோது மூன்றில் ஒன்றுகூட ஐயாயிரம் பிரதிகளைத் தொட்டிருக்கவில்லை. 2000இல் ஃபோக்ஸ்வாகன் கார் விளம்பரம் ஒன்றில் அந்த முதல் பாட்டு ஒலித்த பிறகுதான் அமெரிக்கக் கடைகளில் அவர் பெயர் பரவலாகக் கேட்கப்பட்டது. விளம்பரத்தைப் பழிப்பவர்கள் உண்டு; நான் பழிக்க மாட்டேன். அவருடைய காலத்து விமர்சகர்கள் செய்யாததைக் கார்க்காரர்கள் செய்தார்கள்.

---

வெறுங்குரல் எழுதியது:

நிக் டிரேக் நல்ல பாடலாசிரியர். நாட்டுப்புறப் பாடகர் அல்லர். இதை மட்டும் பதிந்துவிட்டு என் வழிக்குத் திரும்புகிறேன்.

நாட்டுப்புறப் பாடகர் மார்ட்டின் கார்த்தியை யாரும் இதுவரை சொல்லவில்லை. ‘ஸ்கார்பரோ ஃபேர்’ பாட்டை உலகம் முழுவதும் சைமன் அண்ட் கார்ஃபங்கிள் பாட்டாகவே அறியும். 1965இல் லண்டனில் தங்கியிருந்த பால் சைமன், கார்த்தியின் கிட்டார் அமைப்போடு அதை அவரிடமிருந்தே கேட்டுக் கற்றுக்கொண்டார்; தட்டில் கார்த்தியின் பெயர் வரவில்லை. பல ஆண்டுகள் நீடித்த கசப்பு, 2000இல் லண்டன் மேடை ஒன்றில் இருவரும் சேர்ந்து அதைப் பாடியபோது தீர்ந்தது. பாட்டு யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு நாட்டுப்புற இசையில் விடை எளிது: யாருக்கும் இல்லை. அமைப்பு யாருக்குச் சொந்தம் என்பதில்தான் ஜான்ஷும் கார்த்தியும் ஏமாந்தார்கள்.

இன்னொருவர் ஷெர்லி காலின்ஸ். 1935இல் ஹேஸ்டிங்ஸில் பிறந்தவர். 1959இல் அமெரிக்க நாட்டுப்புறப் பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸோடு அமெரிக்கத் தென்மாநிலங்களில் ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் பாடல் திரட்டியவர். ஃபேர்போர்ட்டிலிருந்து விலகிய ஆஷ்லி ஹட்சிங்ஸை மணந்தார். 1970களின் இறுதியில் அந்த மணவாழ்வு முறிந்தபோது, மேடையில் நிற்கையில் பாட்டு வராமல் குரல் அடைத்துக்கொள்ளும் நிலை அவருக்கு ஏற்பட்டது. பாடுவதையே விட்டு வேறு வேலைகளுக்குப் போனார். 2016இல், எண்பது வயதைக் கடந்த பின், முப்பத்தெட்டு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு ‘லோட்ஸ்டார்’ ஆல்பத்தைத் தம் வீட்டிலேயே பதிவு செய்தார். குரல் முன்பிருந்த குரல் அல்ல; கீழே இறங்கியிருக்கிறது, ஓரங்கள் உடைந்திருக்கின்றன. அலங்காரமின்றிப் பாட வேண்டும் என்பதையே வாழ்நாளெல்லாம் கொள்கையாக வைத்திருந்தவருக்கு அந்தக் குரல் தடையாக இல்லை.

---

ஆறு தந்தி எழுதியது:

ஐயா, ரிச்சர்ட் தாம்ப்சனின் முன்னாள் மனைவி லிண்டா தாம்ப்சனுக்கும் அதே குறைபாடு உண்டு. அவர் வேறு வழி கண்டார். 2024இல் வந்த ‘ப்ராக்சி மியூசிக்’ ஆல்பத்தில் பாடல்களை எழுதியதோடு நிறுத்திக்கொண்டு, ஒவ்வொன்றையும் வேறு வேறு பாடகர்களைக் கொண்டு பாடவைத்தார்.

தாம்ப்சனைப் பற்றி நான் எழுதத் தொடங்கினால் தனி இழையே வேண்டும். 1971இல் ஃபேர்போர்ட்டை விட்டார். லிண்டாவோடு 1974இல் வெளியிட்ட ‘ஐ வான்ட் டு சீ த பிரைட் லைட்ஸ் டுநைட்’ இவர்கள் அனைவருடைய பாடல்களையும் விட இருண்டது. 1991இல் வந்த மோட்டார் சைக்கிள் பாட்டை மட்டும் சொல்கிறேன். வின்சென்ட் வண்டி, செந்நிறக் கூந்தல்காரி, கொள்ளைக்கார இளைஞன், மரணப் படுக்கை. எல்லாம் புதிதாக எழுதப்பட்டவை. கட்டமைப்பு மட்டும் சைல்ட் திரட்டிய கதைப்பாடலின் கட்டமைப்பு. வாசிப்பைக் காணொளியில் பாருங்கள்: கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே பிளெக்ட்ரம் (தந்தியை மீட்டும் சிறு தகடு) கீழ்த் தந்திகளில் ஓடிக்கொண்டிருக்க, நடுவிரலும் மோதிர விரலும் மேல் தந்திகளைக் கொத்துகின்றன. கேட்பவருக்கு இரண்டு கிட்டார்கள் போலத் தோன்றும்.

---

புதுச்செவி எழுதியது:

இவ்வளவு விரிவான பதில்களுக்கு நன்றி. இந்தக் குழு இன்றும் மேடையில் வாசிக்கிறதா? நேரில் கேட்டவர்கள் யாரேனும் இருக்கிறார்களா?

---

விம்பிள்டன் வாசி எழுதியது:

தம்பி, ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் கிராப்ரடி என்ற சிற்றூர் இருக்கிறது. 1644இல் உள்நாட்டுப் போரின் சண்டை ஒன்று அங்குள்ள பாலத்தருகே நடந்தது என்பதே அதற்கு முன் அந்த ஊரின் புகழ். 1979 ஆகஸ்டில், இனிப் போதும் என்று ஃபேர்போர்ட் தன் பிரியாவிடை நிகழ்ச்சியை அங்கே ஒரு வயலில் நடத்தியது. மறு ஆண்டே கூடிக் கலைவோம் என்று வந்தார்கள். அதன் பிறகு ஆகஸ்ட் தோறும் அது விழாவாகவே ஆகிவிட்டது. மேடை ஒன்றுதான், வயல் அதை நோக்கிச் சரிந்திருப்பதால் மடக்கு நாற்காலியைக் கடைசியில் போட்டாலும் எல்லாம் தெரியும்.

2007இல் ‘லீஜ் அண்ட் லீஃப்’ ஆல்பத்தை முழுவதுமாக, ஹட்சிங்ஸ், தாம்ப்சன், நிகோல், ஸ்வார்ப்ரிக், மேட்டக்ஸ் ஐவரும் மேடையேறி வாசித்தார்கள். சாண்டியின் இடத்தில் கிறிஸ் வைல் பாடினார். சாண்டியைப் போலப் பாட முயலாமல் தம் குரலிலேயே பாடியது அவருடைய நல்ல புத்தி. ஸ்வார்ப்ரிக் நாற்காலியில் அமர்ந்து வாசித்தார். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் இரண்டு நுரையீரல்களையும் மாற்றிக்கொண்டவர். 1999இல் அவர் கவென்ட்ரி மருத்துவமனையில் கிடந்தபோதே டெய்லி டெலிகிராஃப் இரங்கல் கட்டுரை வெளியிட்டுவிட்டது. கவென்ட்ரியில் நான் சாவது இது முதல் தடவை இல்லையே என்று (மேடையில் எடுபடாமல் போவதையும் ஆங்கிலத்தில் சாவு என்பார்கள்) சொன்ன மனிதர், பிறகு அந்த இரங்கலின் நகல்களில் கையெழுத்திட்டுக் கச்சேரி வாசலில் விற்றார். உண்மையில் இறந்தது 2016இல்.

விழாவின் கடைசிப் பாட்டு எப்போதும் ஒன்றுதான்: பதின்பருவம் முடியுமுன் தாம்ப்சன் எழுதிய ‘மீட் ஆன் த லெட்ஜ்’.

---

தேய்ந்த ஊசி எழுதியது:

புதுச்செவித் தம்பிக்கு ஒரு வரிசை: முதலில் ‘அன்ஹாஃப்பிரிக்கிங்’, அடுத்து ‘லீஜ் அண்ட் லீஃப்’, பிறகு சாண்டி 1970இல் அமைத்த ஃபாதரிங்கே குழுவின் ஆல்பம், அதன் பின் அவருடைய தனி ஆல்பங்கள். அவற்றில் சிலவற்றில் வயலின் கூட்டத்தை அளவுக்கு மீறிச் சேர்த்திருக்கிறார்கள் என்பது என் குறை. அவரைப் போன்ற பாடகிக்குப் பின்னால் அத்தனை பேர் தேவையில்லை.

---

வெறுங்குரல் எழுதியது:

ஒருவர்கூடத் தேவையில்லை என்பதுதானே நான் முதலிலிருந்தே சொல்வது.